தாராவிப் பிள்ளைகளின் ஆரோக்கியம்: எந்தக் கணக்கை நம்புவது?

கர்ப்பம் உறுதியான பிறகு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து, ரத்தம் எடுத்து, மாத்திரை எழுதித் தருவதற்குள் சில விஷயங்களுக்கு நேரம் கடந்துவிடுகிறது. குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று பெண் கவனிப்பதே அந்தச் சமயத்தில்தான். அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலம் அதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும். ரத்தசோகையோடு கர்ப்பத்துக்குள் நுழையும் பெண்ணுக்கும் மிச்சமிருக்கும் மாதங்களில் ஈடுகட்டுவது கஷ்டம். ஆகவே 15, 17 வயதில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். தாராவி மாதிரி ஓரிடத்தில் அதைத் தெரிந்துகொள்ள மூன்று வழிகள் உண்டு: தேசியக் கணக்கெடுப்பு, ஹெல்த் போஸ்ட் (முனிசிபாலிட்டியின் சின்ன சுகாதார மையம்) மற்றும் பள்ளிப் பதிவேடுகள், நாமே உள்ளூரில் நடத்தும் இளைஞர் சர்வே. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் சில நிபந்தனைகளோடு.

தேசிய குடும்ப நல ஆய்வை முதலில் பார்ப்போம். அதை நடத்தும் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் இருப்பதே மும்பை தேவ்னாரில்தான். 2019-21 சுற்றில் 6,36,699 வீடுகள், 707 மாவட்டங்கள். வகுத்துப் பார்த்தால் மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடுகள். நாடு முழுக்க 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று சொன்னது அந்தச் சுற்று. முந்தைய சுற்றில் அது 54. நாட்டின் போக்கைப் பார்க்க இதை விட்டால் வேறு இல்லை. ஆனால் தாராவி எந்த மாவட்டத்தில் வருகிறது? மும்பை சிட்டி. பணக்காரர்கள் வாழும் மலபார் ஹில்லும் கொலாபாவும் அதே மாவட்டம்தான். மூன்றையும் கூட்டிப் போட்ட சராசரியை வைத்துத் தாராவியின் 90 அடி ரோட்டில் யாருக்கு என்ன செய்வது? 10 முதல் 14 வயதுப் பெண்களிடம் இந்த ஆய்வு பேசுவதே இல்லை. பாலுறவு, குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளையும் சுமார் 15 சதவீத வீடுகளில் மட்டுமே கேட்கிறார்கள். அதற்கு மாவட்டக் கணக்குக்கூடக் கிடையாது.

ரத்தசோகை எண்ணிலேயே ஒரு தகராறு உண்டு. 2016-18இல் நடந்த குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 10-19 வயதுப் பெண்களில் 40 சதவீதம் என்றது. வயது வரம்பு வேறு என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பில் ரத்தம் எடுத்தார்கள், குடும்ப நல ஆய்வில் விரலில் குத்தி எடுத்தார்கள். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு மாறும். அடுத்த குடும்ப நல ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையை எடுத்துவிட்டு வேறோர் ஆய்வுக்கு மாற்றியதன் பின்னணியும் இந்த வாதம்தான்.

அடுத்து பதிவேடுகள். இவற்றுக்குப் புதிதாகச் செலவு இல்லை, ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முனிசிபல் பள்ளிகளில் உடல்நலப் பரிசோதனை நடக்கிறது. 10-19 வயதினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். கொடுத்த மாத்திரைக்குக் கணக்கு இருக்கும். வயிற்றைப் புரட்டுகிறது என்று பையிலேயே வைத்திருந்த மாத்திரைக்கு யார் கணக்கு எழுதுவார்? அதோடு, அரசுப் பரிசோதனைக் குழு போவது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு. நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் பீஸ் கட்டி அனுப்புவது சின்னத் தனியார் இங்கிலீஷ் மீடியத்துக்கு. பத்தாவதோடு நின்று வீட்டில் அப்பளம் தேய்க்கிற, துணிக்கு மணி தைக்கிற பெண் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. முதலில் கல்யாணம் ஆகப்போவது பெரும்பாலும் அவளுக்குத்தான். (ஆஸ்பத்திரி பிரசவப் பதிவேட்டை வைத்துப் பின்னோக்கிப் பார்க்கலாமே என்பார்கள். அது நடந்து முடிந்த கதை.)

சரி, உள்ளூர் சர்வே. அமெரிக்காவில் 1991 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பெயர் எழுதாத கேள்வித்தாள் கொடுத்து, ஈராண்டுக்கு ஒருமுறை புகையிலை, குடி, உடலுறவு, மனச்சோர்வு எல்லாவற்றையும் கேட்கிறார்கள். பெரிய நகரங்களின் பள்ளி நிர்வாகங்கள் தனியாகவே நடத்தித் தம் ஊர்க் கணக்கை எடுத்துக்கொள்கின்றன. பெயர் இல்லாமல் கேட்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் மட்டும் கேட்பதை எடுக்கக்கூடாது. படிப்பை நிறுத்தியவர்கள் விடுபட்டால் பதிவேட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) சாலாக, வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

உள்ளூர்க்காரர்கள் கேட்பதில் பெரிய லாபம், எதைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியும். மும்பையில் மிஷ்ரி என்றொரு பழக்கம் உண்டு. வறுத்துப் பொடித்த புகையிலையை ஈறில் தேய்ப்பது. ‘புகையிலை போடுவாயா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள், ‘பல்லுக்கு மிஷ்ரி வைப்பாயா?’ என்றால் ஆமாம் என்பார்கள். 2004இல் வெளியான ஒரு மும்பை ஆய்வு, 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து, புகையில்லாப் புகையிலை பயன்படுத்தியவர்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்ததைக் காட்டியது. அவர்களிடம் அதிகம் இருந்தது மிஷ்ரிதான். கல்யாணத்துக்கு முன்பே இதைக் கேட்டு வைத்தால் நிறுத்த வைக்க நேரம் இருக்கிறது. பையன்களிடமும் மாவா, குட்கா போன்ற மெல்லும் புகையிலை பற்றிக் கேட்க வேண்டும். இந்தப் பேச்சில் அவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் கேட்பது யார்? பக்கத்துச் சந்து அக்காவே வந்து உட்கார்ந்து கேட்டால், “இதை அம்மாகிட்ட சொல்வீங்களா அக்கா?” என்பதுதான் முதல் பதில். தாராவியிலேயே வேறு பேட்டையிலிருந்து ஆள் வரட்டும். கூச்சமான கேள்விகளை போனில் ஹெட்போன் வழியாகக் கேட்டுப் பிள்ளையே விரலால் தொட்டுப் பதில் சொல்லட்டும். குரல் தமிழிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் நிறைய பேருக்கு அதை வாசிக்க வராது. பெயர் வேண்டாம் என்பதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்டவரின் பாலுறவு குற்றக் கணக்கில் வரும். அது தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். இன்னாரென்று அடையாளம் தெரியும்படி அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வர முடியாது. பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் தனித்தனியே வாங்க வேண்டும்.

எண்ணிக்கை? கிடைக்கும் கணக்கு ஐந்து சதவீதம் முன்பின் இருந்தால் போதுமென்றால் 385 பேர். சந்து சந்தாகக் கொத்தாக எடுத்தால் பதில்கள் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்வது வழக்கம், சுமார் 770. பெண், பையன் கணக்கு தனித்தனியே வேண்டுமென்றால் இரு பக்கமும் அவ்வளவு.

உள்ளூர் சர்வே தோற்கும் இடம் ரத்தம். ‘உனக்கு ரத்தசோகை இருக்கா?’ என்று கேட்டு வாங்கும் பதிலுக்கு மதிப்பில்லை. பணம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு உணவு, மாத்திரை, மிஷ்ரி, கல்யாணப் பேச்சு இவற்றோடு நிறுத்தலாம். பணம் இருந்தால் ஒரு பகுதிப் பெண்களுக்கு மட்டும் நரம்பில் ரத்தம் எடுக்கலாம். அப்போது முடிவை அவர்களிடம் கொடுத்தே ஆகவேண்டும். பெயருக்குப் பதில் எண் போட்ட சீட்டு ஒன்று; ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அதே சீட்டோடு ஹெல்த் போஸ்ட்டுக்குப் போனால் மாத்திரை தரும்படி முன்கூட்டியே அங்கே பேசிவைக்க வேண்டும். அந்த ஏற்பாடு முடியாமல் ஊசியை எடுக்கக்கூடாது.