டர்பன் உஷாகால எங்க ஆபீஸ் ஃபேமிலி டே

எங்க ஆபீஸ்ல வெல்னஸ்னா யாராவது வந்து ஸ்ட்ரெஸ் பத்தி ஸ்லைடு போட்டு காட்டுவாங்க, பாதி பேர் தூங்கிடுவாங்க, இந்த வருஷம் அதை விட்டுட்டு ஒரு ஈவென்ட் கம்பெனி கிட்ட பொறுப்பக் குடுத்து எல்லாரையும் குடும்பத்தோட தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்கற உஷாகா மரைன் வேர்ல்டுங்கற தீம் பார்க்குக்கு கூட்டிட்டு போனாங்க.

இடம் சூப்பர், அதுல பேச்சே இல்ல. 2004ல திறந்தது, பீச்சை ஒட்டியே இருக்கு. அக்வேரியத்த உடைஞ்ச பழைய சரக்குக் கப்பல் மாதிரி கட்டியிருக்காங்க, உள்ள ஒரே இருட்டு, திடீர்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுறா போகும். ஆபீஸ்ல வாயே திறக்காத அக்கவுண்ட்ஸ் அண்ணன் பொண்ண தோள்ல தூக்கி வச்சுகிட்டு ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கதை விட்டுட்டிருந்தாரு, பின்னாடியே எங்க பசங்களும் போயிட்டாங்க. வாட்டர் பார்க்ல மேனேஜர் கத்திகிட்டே சறுக்கி வந்து விழுந்தாரு பாருங்க, திங்கக்கிழமை மீட்டிங் வரைக்கும் அதே பேச்சுதான்.

ஈவென்ட்காரங்கதான் சொதப்பல். சனிக்கிழமை விடிகாலைல பீச்சுல யோகாவாம், கைக்குழந்தை வச்சிருக்கறவங்க எப்படிங்க வருவாங்க? அப்புறம் டீம் பில்டிங்னு எங்கள மட்டும் தனியா இழுத்துட்டு போயிட்டாங்க, வீட்டுக்காரங்க வெயில்ல காத்துகிட்டு இருந்தாங்க. மதியம் வந்த பீன்ஸ் பன்னி சாவ்ல (ரொட்டிய குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு) ரொட்டி குழம்புல ஊறி கையில நிக்கவே இல்ல, மட்டன் சாப்டவங்க மட்டும் நல்லாருக்குன்னாங்க.

ஹெச்ஆர்ல யாராவது இதைப் படிச்சா, நடுவுல ஆள் வேணாம், டிக்கெட்ட நேரா வாங்கிக் குடுத்துட்டு எங்கள சும்மா விட்டுடுங்க.