சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு என்று நம்பி 12,650 ரூபாயைப் பறிகொடுத்தேன்: கோழி வாங்குகிறவர்கள் படியுங்கள்

பதினோரு நாளாகிறது. இன்று காலையிலும் இரண்டைப் புதைத்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் தணிந்த பிறகு எழுது என்கிறார் கணவர். தணிந்துவிட்டால் நான் எழுத மாட்டேன். அந்த ஆளுக்கும் அதுதானே வேண்டும்.

போனது 12,650 ரூபாய். இரண்டு கிடாக்குட்டிகளை விற்ற பணம். இதெல்லாம் ஒரு தொகையா என்று நினைப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். முருங்கை, ஓரத்தில் கொஞ்சம் மக்காச்சோளம், நான்கு வெள்ளாடு, ஒரு பசு, ஒரு நாய், தீவன அறை எலிகளுக்காக இரண்டு பூனைகள். சென்ற ஐப்பசி மழையில் வெள்ளைக்கழிச்சல் வந்து பதினெட்டுக் கோழிகள் செத்தன. மிஞ்சியவை பதினொரு பெட்டையும் ஒரு சேவலும். "அடை வைத்தே பெருக்கிக்கொள்ளலாம், அவசரப்படாதே" என்று அத்தை சொன்னார். அடை வைத்தால் இருபத்தொரு நாள். பொரித்து இறங்கியதில் பருந்துக்குப் பாதி, கீரிக்குக் கொஞ்சம். ஒரே மூச்சில் தொண்ணூறு குஞ்சு வாங்கிவிட்டால் ஆடிக்குள் விற்பனைக்கு நிற்கும் என்று நான்தான் மனக்கணக்குப் போட்டேன்.

நாட்டுக்கோழி வாங்கவும் விற்கவும் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு சமூக வலைத்தளக் குழு. பெயரைப் போடப் போவதில்லை. இந்த மாதிரிக் குழுக்கள் நூறு இருக்கின்றன, எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான். அதில் ஒருவன் "தூய சிறுவிடை, ஒரு மாதக் குஞ்சு, தடுப்பூசி போட்டது, 130 ரூபாய்" என்று போட்டிருந்தான். 90 குஞ்சுக்கு 11,700, பெட்டிக்கும் பஸ் கூலிக்கும் 950. ஆக 12,650.

நான் எங்கே விழுந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் விழுவீர்கள். முதல் அழைப்பில் அவன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "தோட்டத்தில் வேறு என்னென்ன வளர்க்கிறீர்கள், அக்கா?" என்று கேட்டான். சொன்னேன். "பூனை இருக்கிறதா? அப்படியானால் முதல் பத்து நாள் வலைக்கதவு போட்ட அறையில் வையுங்கள். எவ்வளவு பழகிய பூனையானாலும் புதுக் குஞ்சின் சத்தம் கேட்டால் புத்தி மாறும்" என்றான். தண்ணீர் எப்படி என்றான். போர்த் தண்ணீர், கொஞ்சம் உப்பு என்றேன். "அப்படியானால் குஞ்சுக்கு மட்டும் நீங்கள் குடிக்கிற தண்ணீரைக் கொடுங்கள்." முன்பு நோய் வந்ததா என்றான். ஐப்பசியில் செத்ததைச் சொன்னேன். "அடடா" என்றான். உண்மையிலேயே வருத்தப்பட்ட குரல். "அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டீர்களா? அடிக்காமல் என் குஞ்சை இறக்காதீர்கள், எனக்குப் பாவம்."

சந்தையில் எத்தனையோ பேரிடம் வாங்கியிருக்கிறேன். எத்தனை வேண்டும் என்பதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை. இவன் கேட்கக் கேட்க நான் கொட்டிக்கொண்டே போனேன். வெயிலில் அனுப்ப மாட்டானாம், ராத்திரி வண்டிதானாம். இறக்கியவுடன் தீவனம் போடாமல் வெல்லத் தண்ணீர் வைக்க வேண்டுமாம், ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை அதில் நனைத்துவிட வேண்டுமாம். அத்தனையும் சரி. தொழில் தெரியாதவன் வாயில் இந்தப் பேச்சு வராது. தொழில் தெரிந்தவன்தான் அவன். அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

காணொளியும் அனுப்பினான். ஒரு பாட்டி முறத்திலிருந்து கம்பை இறைக்கிறார், தாய்க்கோழியைச் சுற்றி முதுகில் கோடு போட்ட குஞ்சுகள் ஓடுகின்றன. தடுப்பு மருந்துக் குப்பியின் படமும் வந்தது. பாதி பணம் 6,325 அன்றே போட்டேன். வண்டி எண்ணை அனுப்பியதும் மீதி 6,325. குஞ்சைக் கண்ணால் பார்க்கும் முன்பே முழுப்பணமும் போய்விட்டது.

விடியற்காலை நான்கரை மணி, ஒட்டன்சத்திரம் பஸ் நிலையம். காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் லாரிகளின் சத்தத்தில் பேசினால் காது கேட்காது. நடத்துநர் நான்கு அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியபடியே இறக்கினார். அனுப்பியவர் என்ற இடத்தில் ஒரு கைப்பேசி எண் மட்டும். கைப்பேசி விளக்கை அடித்து மேல்பெட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். கோடு போட்ட குஞ்சுகள், துறுதுறுவென்று. மனம் நிறைந்துவிட்டது. கீழே இருந்த மூன்றையும் அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டில் அவிழ்த்தோம். மேல்பெட்டியில் 12, மற்ற மூன்றிலும் சேர்த்து 62. ஆக 74. பதினாறு குறைவு. கீழ்ப்பெட்டிகளில் ஒன்பது செத்தே வந்திருந்தன. சரி, முதலில் உயிரோடு இருப்பதைப் பார்ப்போம் என்று அவன் சொன்னபடியே வெல்லத் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலகை நனைத்தேன். பத்துப் பதினைந்து ஆனதும் என் உள்ளங்கை காவியாக இருந்தது. வெல்லம் என்றுதான் நினைத்தேன். சேலையில் துடைத்தேன், போகவில்லை. அத்தை ஒரு குஞ்சை வாங்கி, ஒன்றும் பேசாமல் இறக்கையை விரலால் விரித்தார். உள்ளே முளைத்துக்கொண்டிருந்த இறகுக் குருத்து பால் போல வெள்ளை. மேலே இருந்த தவிட்டு நிறம் அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

கீழ்ப்பெட்டிகளில் வந்தவை முட்டைக்கோழிச் சேவல் குஞ்சுகள். நாமக்கல் பக்கத்துப் பொரிப்பகங்களில் பெட்டைகளைப் பிரித்து எடுத்த பிறகு முட்டையிடாத சேவல்களைச் சொற்ப விலைக்குத் தள்ளிவிடுவார்கள். திருவிழாவில் பச்சையும் ரோஸும் பூசிக் குழந்தைகளிடம் விற்பார்களே, அதே சரக்கு. இவன் கொஞ்சம் நிதானமாக நாட்டுக்கோழி நிறத்தைப் பூசியிருக்கிறான். ஒரு மாதம் என்றானே, பத்து நாள்கூட ஆகியிருக்காது.

நான்காம் நாள் கழிச்சல். வெள்ளையும் பச்சையுமாக. ஆறாம் நாள் ஒரு குஞ்சு கழுத்தைப் பின்னால் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றது. மறுநாள் காலையில் அப்படி இருபது நின்றன. தனி அறையில் வைத்திருந்தேன் என்று பெயர்தான். அங்கே தீவனம் போட்ட கையோடு, அதே செருப்போடு பெரிய கோழிகளிடமும் போனவள் நான்தான். எட்டு பெட்டைகள் போயின. அதில் ஒன்று அடையில் இருந்தது, கருங்கால், பதின்மூன்று முட்டை. முட்டை மேலேயே செத்துக் கிடந்தது.

செத்த ஒன்றைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். மருத்துவர் அறுத்துக் காட்டினார். இரைப்பையின் உட்புறம் குண்டூசியால் குத்தியதுபோல ரத்தப் புள்ளிகள். வெள்ளைக்கழிச்சல்தான், முதல் வாரச் சொட்டு மருந்துகூடப் போடாத குஞ்சுகளாகத் தெரிகிறது என்றார். தடுப்பூசி போட்டதற்குப் படம் இருக்கிறதே என்று கைப்பேசியை நீட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். குப்பியின் அலுமினிய மூடி கிழிக்கப்படவே இல்லை. அதுவும் வெயில் படும் திண்ணையில் வைத்து எடுத்த படம். குளிர்பெட்டியை விட்டு எடுக்கக் கூடாத மருந்து.

இனி அவன் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதல் நாள்: "வண்டி ஆட்டம், அக்கா. இரண்டு நாளில் தெளிந்துவிடும்." சாயத்தைக் கேட்டேன்: "தாய்க்கோழி இல்லாமல் வளர்ந்தால் நிறம் கொஞ்சம் மங்கும்." பதினாறு குறைந்ததற்கு: "உங்கள் வீட்டில்தான் பூனை இருக்கிறதே." பெட்டியை அவிழ்க்கும்போதே குறைவு ஐயா என்றால், "பூனை எப்போது எடுத்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" கழிச்சலுக்கு: "உப்புத் தண்ணீர். நீங்கள்தானே சொன்னீர்கள்." கழுத்து திருகியதற்கு: "உங்கள் தோட்டத்தில் ஐப்பசியிலேயே நோய் இருந்தது. என் நல்ல குஞ்சைக் கொண்டுபோய் நோயில் விட்டுவிட்டு என்னையே கேட்கிறீர்களா?"

புரிகிறதா? முதல் நாள் அக்கறையாகக் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் இதற்குத்தான். பூனை, தண்ணீர், பழைய நோய் என்று அவனுக்கு வேண்டிய சாக்குகளை நானே என் வாயால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் சாம்பல் பூனை அந்த அறை வாசலில் படுத்துத் தூங்குகிற பூனை. எட்டு வருடமாக எலியைத் தவிர ஒன்றைத் தொட்டதில்லை. பெட்டி வந்த அன்று மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போய்விட்டது. அதற்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் என் எண்ணை முடக்கிவிட்டான். குழுவை நடத்துகிறவருக்கு எழுதினேன். "விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நாங்கள் பொறுப்பல்ல என்று மேலே எழுதியிருக்கிறோம்" என்றார். அதை எழுதிய கையோடு என்னைக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார். வங்கியில் "நீங்களாக அனுப்பிய பணம்தானே, அம்மா" என்றார்கள். இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குச் சொன்னேன், புகார் எண் தந்தார்கள். ஆனால் பணம் போன உடனே கூப்பிட்டால்தான் அதை முடக்க வாய்ப்பு உண்டு. நான் கூப்பிட்டபோது பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. காவல் நிலையத்தில் 12,650 என்று எழுதிக்கொண்டிருந்தவர் "எதற்கு?" என்றார். கோழிக்கு என்றேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார்.

2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்த கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து, மாதாமாதம் பணம் வரும் என்றால் நம்பிவிடுவதா என்று நானும் சிரித்தவள்தான். இப்போது என் முறை.

எப்படி ஏமாறாமல் வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நேரில் போகாமல் ஒரு குஞ்சுகூட வாங்காதீர்கள். எல்லாப் பெட்டியையும் திறந்து, இறக்கையை விரித்துப் பார்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்த பிறகு பணம் கொடுங்கள். யாரிடம் வாங்கினாலும் மூன்று வாரம் பழைய கோழிகளோடு சேர்க்காதீர்கள்; அந்த அறைக்குச் செருப்பும் வாளியும் தனி. தடுப்பு மருந்தை நீங்களே போடுங்கள். எங்கள் ஊர் மருந்தகத்தில் சனிக்கிழமைகளில் போடுகிறார்கள், உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். செத்ததைக் குப்பையில் வீசாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே முள்ளை வைத்து, நாயைக் கட்டிப் போடுங்கள். எங்கள் நாய் இரண்டாம் நாளே தோண்டிவிட்டது.

நேற்று இரவு என் தங்கை ஒரு காணொளியை அனுப்பியிருந்தாள். வேறு குழு, வேறு எண், வேறு பெயர். அதே பாட்டி, அதே முறம், அதே கம்பு. விலை மட்டும் 120 ஆகியிருக்கிறது. கீழே ஒரு பெண் "எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறாள். "தனியாகப் பேசுங்கள், அக்கா" என்று பதில். பணம் போடாதே என்று தங்கையை விட்டு எழுதச் சொன்னேன். நான்கு நிமிடம் இருந்தது, பிறகு காணவில்லை.

அத்தை கூப்பிடுகிறார். மேல்பெட்டியில் வந்த பன்னிரண்டில் மூன்று இருந்தது, அதில் ஒன்று இப்போது கழுத்தைத் திருப்புகிறதாம்.