இருபது கேள்வியோடு ஆறு வருடம்

குடிநோய் சிகிச்சைக்கு வருபவர்களிடம் முதலில் யோசிக்காமல் அவசரப்படும் குணத்தை அளக்கும், 59 கேள்விகள் கொண்ட யூபிபிஎஸ்-பி படிவத்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியதும் பேனா ஒரே கட்டத்தில் நேராக இறங்கிவிடும். "இதை முன்னாடியே கேட்டீங்களே சார்" என்றார் ஒருவர். அவர் சொன்னது சரிதான்.

அப்புறம் அதன் 20 கேள்விச் சுருக்க வடிவத்துக்கு மாறினேன். 2012-இல் பில்லியூ குழு பிரெஞ்சிலும், 2014-இல் சைடர்ஸ் குழு ஆங்கிலத்திலும் கொண்டுவந்தது இது. மனம் நொந்திருக்கும்போது அவசரப்படுவது, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் போவது, யோசிக்காமல் இறங்குவது, தொடங்கியதைப் பாதியில் விடுவது, த்ரில் தேடுவது என ஐந்து குணங்கள், தலா நான்கு கேள்விகள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்தையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். த்ரில் தேடுபவரும் கோபத்தில் குடிப்பவரும் ஒரே ஆள் இல்லையே.

முதல் வருடம் நானே சொதப்பினேன். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 4 வரை நான்கு கட்டங்கள்; 20-இல் 12 கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், அதாவது 1-ஐ 4 ஆக, 2-ஐ 3 ஆக. சிலவற்றை மட்டும் திருப்பிவிட்டு மீதியை மறந்துவிட்டேன். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா எண் மைனஸில் வந்த பிறகுதான் விழித்துக்கொண்டேன். நடுவில் "ஓரளவு" என்ற கட்டம் கிடையாது என்பதால், 2-க்கும் 3-க்கும் இடையிலுள்ள கோட்டின் மேலேயே டிக் போட்டுத் தருபவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் திரும்பக் கேட்டே ஆக வேண்டும்.

கேள்விகளைக் குறைத்தால் நம்பகத்தன்மையும் குறையும், அதில் மர்மம் ஒன்றுமில்லை. 12 கேள்விகளுக்கு 0.90 நம்பகத்தன்மை வரும் அளவுகோலை நான்கு கேள்விகளாகக் குறைத்தால், நீளம் மாறும்போது நம்பகத்தன்மை எவ்வளவு மாறும் என்று சொல்லும் ஸ்பியர்மன்-பிரவுன் கணக்குப்படி 0.75தான் கிடைக்கும், அதுவும் கேள்விகள் ஒரே தரமாக இருந்தால். இதைவிடப் பெரிய ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. நீளப் படிவத்தை நிரப்ப வைத்து, அதிலிருந்தே 20 கேள்விகளைப் பொறுக்கி, "இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன" என்று எழுதிவிடுவார்கள். ஒரே விடை இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? நாங்கள் இரண்டையும் தனித்தனியாக, ஒரு மாத இடைவெளியில் கொடுத்துப் பார்த்தோம். ஒப்புமை கண்கூடாக இறங்கியது, ஆனால் கைவிடும் அளவுக்கு இல்லை.

குழுக்களை ஒப்பிட இன்றும் இதைத்தான் எடுக்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி மட்டும் முடிவெடுக்க வேண்டுமென்றால், மனம் நொந்தபோது அவசரப்படும் குணத்துக்கான பழைய 12 கேள்விகளையும் சேர்த்தே நீட்டுகிறேன்.