பேருந்து நிலையத்துப் பாலூட்டும் அறை: முதலில் தாழ்ப்பாளைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் பஸ் ஏறுகிறவர்கள் எல்லோரும் "தாய்மார்கள் பாலூட்டும் அறை" என்ற பலகையைப் பார்த்திருப்பார்கள். கழிப்பறைக்குப் போகிற வழியிலோ போலீஸ் பூத்துக்குப் பக்கத்திலோ சின்னதாக ஓர் அறை இருக்கும். 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி, ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது மாநிலம் முழுக்கத் திறந்துவைத்த அறைகள் இவை. மிக்சிக்கும் பிரியாணிக்கும் ஆளாளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், இந்த அறைக்கு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. என் பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம். அம்மா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே மூன்று பஸ் மாறிப் போய்வருகிறவள் நான். அதனால் நானே போட்டுவிடுகிறேன்.

ஊர்ப்பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. குறை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஓர் ஊரை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை.

நான் பார்ப்பது மூன்றே விஷயம். உள்பக்கம் தாழ்ப்பாள், ஓடுகிற ஃபேன், முதுகு சாய ஓர் இடம். டைல்ஸ், சுவரில் பொம்மைப் படம், திறப்புவிழாக் கல்வெட்டு எல்லாம் அப்புறம்.

தாழ்ப்பாள் ஏன் முதலில்? பால் ஊறுவது ஒரு வேலை, பால் இறங்குவது வேறொரு வேலை. ஊற வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். ஊறியதைக் காம்புக்குத் தள்ளிவிடுவது ஆக்சிடோசின். பிள்ளை சப்ப ஆரம்பித்ததும், சில நேரம் அதன் அழுகை காதில் விழுந்ததுமே, ஆக்சிடோசின் சுரந்து மார்பில் ஒரு குறுகுறுப்போடு பால் இறங்கும். ஆனால் இதற்குக் கூச்சமும் பயமும் ஆகாது. எவனாவது கதவைத் தள்ளிவிடுவானோ என்று ஒரு கண்ணைக் கதவிலேயே வைத்திருந்தால், மார்பு கனக்கக் கனக்கப் பால் இருந்தும் சட்டென்று இறங்காது. பிள்ளை நாலு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, வாயை எடுத்து வீல் என்று கத்தும். வெளியே பெஞ்சில் இருக்கிற ஏதாவது ஒரு பெரியம்மா, "பால் பத்தல போல, பவுடர் வாங்கிக் கரைச்சுக் குடு தாயி" என்பார். பாலெல்லாம் பத்தும். தாழ்ப்பாள்தான் இல்லை.

முதலில் பெரிய நிலையம். எந்நேரமும் பஸ் வந்து போகிற இடம், ஆனால் பாலூட்டும் அறை பூட்டியே இருக்கும். கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்காதான் விவரம் சொன்னார்: "சாவி டைம் ஆபீஸ்ல இருக்கும், போய்க் கேளும்மா." டைம் ஆபீஸில் கேட்டால், சாவியை வைத்திருக்கிற அம்மா சாப்பிடப் போயிருக்கிறாராம். தோளில் பிள்ளை, கையில் பை, ஒலிபெருக்கியில் என் பஸ் நாலாவது பிளாட்பாரத்தில் நிற்பதாக அறிவிப்பு. ஒருவழியாகச் சாவி வந்து திறந்தால், உள்ளே பினாயில் கேன்களும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கால் உடைந்த நாற்காலியும் குடியிருக்கின்றன. உட்காரச் சிமென்ட் திண்டு, தரையில் கால் எட்டாத உயரத்தில். ஃபேனுக்கு இரண்டே இறக்கை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை. எனக்கு முன்னால் வந்த யாரோ ஒருத்தி கதவின் கைப்பிடியில் பிளாஸ்டிக் கயிறு ஒன்றைக் கட்டிவைத்திருந்தாள். அதை ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்தால் கதவு முக்கால்வாசி மூடும். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கயிறு, ஜல்லிக்கட்டுக்கு வந்தவள் போல. ஐந்துக்கு ஒன்று கொடுக்கிறேன். அந்த ஒன்றும் கயிறு கட்டியவளுக்கு.

அடுத்து ஒரு சின்ன டவுன். பத்துப் பதினைந்து பஸ் நின்றாலே நிறைந்துவிடும் நிலையம். இங்கேதான் நான் பார்த்ததிலேயே நல்ல அறை இருக்கிறது, அதற்குக் காரணம் ஒரே ஓர் ஆள். அங்கே வேலை பார்க்கிற தூய்மைப் பணியாளர் அக்கா காலையில் வந்ததும் முதலில் திறந்து கூட்டுவது இந்த அறையைத்தான். கைப்பிடி வைத்த நாற்காலி இரண்டு, நடுவில் துணித் திரை, பை மாட்ட ஆணி, கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை. கால் உயரமாக இருந்தால் பிள்ளை மடியில் தானாக மார்புக்கு வரும், நாம் குனிய வேண்டியதில்லை. பலகை பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் அன்றைக்கு ராத்திரி தோள்பட்டை வலிக்காமல் தூங்கினேன்.

ஒரு நாள் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், தலைப்பிள்ளைக்காரி, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். காம்பில் வெடிப்பு, பிள்ளை வாய் வைத்தாலே உயிர் போகிறது என்கிறாள். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். "காம்ப மட்டும் குடுத்தா புண்ணாத்தான் போகும் பாப்பா. வாய நல்லாத் தொறக்கட்டும், கறுப்பு வட்டமும் உள்ள போகணும். நீ குனியாத, பிள்ளைய உன்கிட்டக் கொண்டா." பிள்ளையின் மேலுதட்டைக் காம்பால் தொடச் சொன்னார். கொட்டாவி விடுகிற மாதிரி அது வாயைத் திறந்த நொடியில் முதுகைப் பிடித்து மார்போடு சேர்த்தார். தாடை மார்பில் பதிந்திருந்தது, கீழுதடு வெளியே மடிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் குளுக், குளுக் என்று விழுங்குகிற சத்தம் திரையைத் தாண்டி எனக்கே கேட்டது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப வலிக்கலக்கா" என்றாள். ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருப்பதும் இதே பாடம்தான். பிரசவமாகி வீட்டுக்கு அனுப்பும் முன்னால் இதைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால், பாதிப் பேர் பவுடர் பக்கமே போக மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த அறைக்கு நாலரை. அந்த அரை எங்கே போனது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

ஃபேனைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு உடம்பு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை வியர்த்துக் கொட்டினால் குடிக்காமல் சிணுங்கும். இந்த வெயிலைக் காரணம் காட்டித்தான் என் அத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஆரம்பிப்பார்: "பச்சப் பிள்ளைக்கு நாக்கு வறளும், ரெண்டு சங்கு தண்ணி குடுத்தா என்ன?" அத்தை நல்லவர்தான். பிறந்த அன்றைக்குச் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்க வேண்டும் என்று நின்றவரும் அவரே, நர்ஸம்மா மறித்ததும் விட்டுக்கொடுத்தவரும் அவரே. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம் வரை கோடையிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெயில் நாளில் பிள்ளை அடிக்கடி கேட்கும், கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் போதும். தண்ணீரைக் கொடுத்து வயிற்றை நிரப்பினால் அந்த அளவுக்குப் பால் குறையும். பிள்ளை குடிப்பது குறைந்தால் ஊறுவதும் குறைந்துவிடும்.

அதே அறையில் பவுடர் கரைக்கிறவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். பால் பவுடர் கிருமியே இல்லாத பொருள் கிடையாது, அதனால் குறைந்தது 70 டிகிரி சூட்டுத் தண்ணீரில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அந்தச் சூட்டுக்கு ஃப்ளாஸ்க்கைத்தான் நம்ப வேண்டும், புட்டி கழுவ எந்தக் குழாயை நம்புவது? மருந்து காரணமாகவோ உடல்நிலை காரணமாகவோ பால் கொடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பேச எனக்கு உரிமையில்லை. அறையில் ஒரு வாஷ்பேசினும் நல்ல தண்ணீரும் இருந்தால் அவர்களுக்கும் உதவும். பெரிய நிலையத்து அறையில் பேசின் இருக்கிறது, குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது.

கிருமி என்றதும் நினைவுக்கு வருகிறது. பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைக் கொண்டுபோய் உட்காரலாமா, ஊரிலுள்ள இருமல் எல்லாம் அங்கேதானே என்று தோழி ஒருத்தி கேட்டாள். அந்த இருமலை என் மூக்கும் இழுக்கிறது அல்லவா. என் உடம்பு அதற்கு எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும், அது ஐ.ஜி.ஏ. என்ற வடிவில் பாலில் இறங்கிப் பிள்ளையின் தொண்டையிலும் குடலிலும் பூச்சாகப் படியும். பிரசவமானதும் வருகிற மஞ்சள் நிறச் சீம்பாலில் இது மிக அதிகம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் நெஞ்சுச்சளியும் காது சீழும் குறைவாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்காகப் பிள்ளையை வேண்டுமென்றே கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம், சரியா.

பலகையில் "தாய்மார்கள்" என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் இந்த அறை பிள்ளைக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வழியில் பிளாக் ஆகி நாலைந்து மணி நேரம் பால் கொடுக்காமல் இருந்து பாருங்கள். மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், தொட்டால் சுடும், அப்படியே விட்டால் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அந்த நேரத்தில் பிள்ளையின் பசியைவிட நம் அவசரம்தான் பெரிது. பிரசவமான புதிதில் பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டி இழுக்குமே, அதுவும் ஆக்சிடோசின் வேலைதான். கர்ப்பப்பை சுருங்குகிறது, உதிரப்போக்கு மட்டுப்படுகிறது. இன்னும் தள்ளிப் பார்த்தால், 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2002ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது என்பது அதன் கணக்கு. பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்த காலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் பாட்டிமார் கணக்கில் இது எங்கேயோ போகும்.

கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. மூன்றாவது நிலையத்தில் கதவு மேல் ஒட்டியிருக்கிற படம், ஒரு பால் புட்டி. தாய்ப்பாலுக்குக் கட்டிய அறைக்குப் புட்டிதான் அடையாளமா? உள்ளே மருந்துக்கடைக் காலண்டர் ஒன்றிலும் கொழுகொழு பிள்ளை கையில் புட்டி. பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992லிருந்தே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. கதவில் இருப்பது விளம்பரம் இல்லை, தெரியாமல் ஒட்டிய படம்தான் என்று வையுங்கள். தாயும் பிள்ளையும் இருக்கிற படம் ஒன்று ஒட்டினால் என்ன செலவாகிவிடும்? மற்றபடி இந்த நிலையத்து அறை சுமார். தாழ்ப்பாள் உண்டு, ஃபேன் உண்டு, திண்டு மட்டும் ஈரம். மூன்று கொடுக்கலாம்.

சின்ன டவுன் அறையில் அரை மதிப்பெண் குறைந்ததற்கு வருகிறேன். ராத்திரி ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். கடைசி வண்டிக்கு நிற்கிறவள் அதற்குப் பிறகு எங்கே போவாள்? பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் வேண்டும், அதில் பாதி இருட்டிய பிறகுதான். புரோலாக்டினும் ராத்திரியில்தான் அதிகம். இன்னொன்று, பிளக் பாயின்ட் எங்கேயும் இல்லை. எனக்கு 26 வாரம் விடுப்பு முடியப் போகிறது, தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வர வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் பாலை எடுத்து வைக்கவும் இந்த அறைதானே இடம்? மின்சாரப் பம்புக்கு ஒரு பிளக், அவ்வளவுதான். கையால் பீய்ச்சுகிறவளுக்கு அதுகூட வேண்டாம், கை கழுவத் தண்ணீர் போதும். எடுத்த பாலை நம் வெயிலில் பைக்குள் அப்படியே வைத்துக்கொண்டு அலையக் கூடாது, ஐஸ் பேக் போட்ட பை வேண்டும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பையில் நீளமான துப்பட்டாவும் ஒரு ஊக்கும் வைத்துக்கொள்ளுங்கள், எந்த அறைக்கும் உதவும். குறை இருந்தால் பஸ் டெப்போவில் போய்ச் சண்டை போடாதீர்கள். சாவி டைம் ஆபீஸில் தொங்கினாலும் நிலையம் பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியின் பொறுப்பு. அங்கே மனு கொடுக்கலாம், இல்லையென்றால் முதல்வர் உதவி எண் 1100ல் சொல்லலாம். பெரிய நிலையத்து அறைக்காக நான் எழுதிக் கொடுத்தேன். ஃபேனுக்கு மூன்றாவது இறக்கை வந்துவிட்டது, பினாயில் கேன்களும் இடம் மாறிவிட்டன. தாழ்ப்பாளுக்கு எஸ்டிமேட் போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.