போனைப் பறிப்பதா, பழக்கத்தை மாற்றுவதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்த அந்த 61 நாட்களும் தங்கச்சிமடத்தில் என் அக்கா மகன் விடிய விடிய போனில் சண்டை விளையாட்டு ஆடினான். மச்சான் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டார்.

பறிப்பதில் செலவில்லை, பலனும் உடனே தெரியும். ஆனால் நான்காம் நாளே பையன் பாம்பனில் கூட்டாளியின் போனோடு உட்கார்ந்திருந்தான். "கை தானாகவே போகிறது, மாமா" என்றான். பொய்யில்லை. விளையாடும்போது மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற ரசாயனத்தின் சுரப்பு கூடுவதை 1998இலேயே ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள். பரிசு எப்போது விழும் என்று தெரியாததுதான் தூண்டில். வலை வீசுகிற மச்சானுக்கு இதை விளக்கவா வேண்டும்? கருவி போனாலும் ஏக்கம் போவதில்லை.

மனநல ஆலோசகர்கள் பேசிப் பேசிப் பழக்கத்தை மாற்றும் நடத்தைச் சிகிச்சை அந்த ஏக்கத்தைத்தான் பிடிக்கிறது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை போனைத் தேடுகிறது என்று பையனே எழுதிவைக்க வேண்டும். "இன்னும் ஒரே ஆட்டம்" என்ற நினைப்பை எதிர்த்துக் கேள்வி கேட்கவும், அந்த நேரத்தை வேறு வேலையால் நிரப்பவும் பழக்குவார்கள். ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதிக்கு இது பயிற்சி. வாரக்கணக்கில் ஆகும், பையன் ஒத்துழைக்காவிட்டால் நகராது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு, ஆனால் தூரம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

என் ஓட்டு சிகிச்சைக்கே. இரவில் மட்டும் போன் அக்காவிடம் இருக்கட்டும் என்றேன். மச்சான் இன்னும் அரிசிப் பானையைத்தான் நம்புகிறார்.