ஊசியா, குளிசையா: புற்றுக்கட்டியின் குருதிக் குழாய்களை அடக்கும் இரு வழிகள்

புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீற்றரைத் தாண்டி வளர வேண்டுமானால் தனக்கெனப் புதிய குருதிக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்றும், அதைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்றும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். அந்த வழியில் செயற்படும் பெவசிசுமாப் என்ற ஊசி மருந்து 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இன்று நாளத்தில் ஏற்றும் மருந்தும் உண்டு, வீட்டில் விழுங்கும் குளிசையும் உண்டு. திருகோணமலையிலிருந்து, கொழும்புக்கு அருகே மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் குடும்பங்களோடு பேசும்போது, குளிசையென்றால் அலைச்சல் இல்லை என்ற நிம்மதியையே நான் முதலில் கேட்கிறேன். தூரத்தை மட்டும் வைத்து எடுக்கும் அந்த முடிவு போதாது.

பெவசிசுமாப் என்பது குருதிக் குழாய்களை வளரத் தூண்டும் வி.ஈ.ஜி.எஃப் என்ற புரதத்தைக் கலத்துக்கு வெளியிலேயே பிடித்துவிடும் பிறபொருளெதிரி. சொராஃபெனிப், சுனிட்டினிப், லென்வட்டினிப் ஆகிய குளிசைகளோ கலத்துக்குள் புகுந்து, அந்தப் புரதம் தரும் கட்டளையோடு வேறு சில கட்டளைகளையும் சேர்த்தே அடைக்கின்றன. குளிசைகளின் பக்கவிளைவுகள் தோல், வயிறு, தைரொயிட் என்று பரந்திருப்பதற்கு இதுவே காரணம்.

எல்லாப் புற்றுநோயிலும் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய முடியாது. பெருங்குடலில் ஊசி மருந்து முன்னிற்கிறது, சிறுநீரகத்தில் குளிசை. மார்பகப் புற்றுநோய்க்கு 2008இல் பெவசிசுமாப்புக்கு அமெரிக்காவில் கொடுத்த அனுமதி, ஆயுளை நீட்டியதற்குச் சான்று இல்லாததால் 2011இல் மீளப் பெறப்பட்டது. இரண்டும் நேருக்கு நேர் நிற்பது முற்றிய ஈரல் புற்றுநோயில்தான்.

அங்கே சொராஃபெனிப், மருந்தற்ற குளிசை பெற்றவர்களின் இடைநிலை ஆயுளான (பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 7.9 மாதத்தை 10.7 ஆக்கியது. பின்னர் அதே சொராஃபெனிப்போடு, அற்றெசோலிசுமாப்பும் பெவசிசுமாப்பும் சேர்ந்த ஏற்று மருந்தை ஒப்பிட்டபோது 13.4 மாதத்துக்கு எதிராக 19.2 மாதம் கிடைத்தது. அற்றெசோலிசுமாப் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து என்பதால் அந்த வெற்றி முழுவதையும் குழாய்த் தடுப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ஈரல் ஓரளவு நன்றாக இயங்கும் ஒருவருக்கு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பயணம் செய்தாவது இந்தச் சேர்க்கையைப் பெறுவதே மேல் என்பேன். தொடங்குமுன் உணவுக்குழாயில் புடைத்த நாளங்கள் உண்டா என்று கமரா விட்டுப் பார்ப்பதைத் தவறவிடக் கூடாது, ஏனெனில் பெவசிசுமாப் இரத்தக்கசிவைக் கூட்டும்.

குளிசையின் மறுபக்கத்தை நான் பார்த்தது திருகோணமலையின் சல்லிக் கிராமக் கரையில். கரைவலை இழுக்கும் என் பெரியப்பாவுக்குச் சொராஃபெனிப் தொடங்கி இரண்டாம் வாரத்தில் உள்ளங்கை சிவந்து வெடித்தது, குதிக்காலில் கொப்புளம் எழுந்தது. கயிறு அறுத்ததாகவே எண்ணி, தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு பத்து நாள் வலை இழுத்தார். உரசலும் சூடும் பட்ட இடத்தில் இந்தத் தோல் வினை கடுமையாகும் என்பதால், எங்கள் வெயிலும் சுடுமணலும் அதற்குத் துணைபோயின. அளவைப் பாதியாக்கி, யூரியா கிறீம் பூசி, மெத்தென்ற செருப்புப் போட்ட பிறகே ஆறியது. கையால் பிழைப்பவருக்குக் குளிசை தரும்போது இதை முதல் நாளே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

குளிசைக்குச் சாதகமாக ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கசிவோ, அவசர சத்திரசிகிச்சையோ வந்தால் அதை நிறுத்திவிடலாம், ஊசி மருந்தைவிட விரைவாக உடலைவிட்டு நீங்கிவிடும். பெவசிசுமாப்பின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 நாள் ஆகும். சத்திரசிகிச்சைக் காயம் ஆறாமல் போகலாம் என்பதால் அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி விடுகிறார்கள்.

பிரஷர் ஏறுவது இரண்டுக்கும் பொது. அதைப் பார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. கிண்ணியாவிலோ மூதூரிலோ அருகிலுள்ள வைத்தியசாலையில் முதல் மாதங்களில் வாரம் ஒருமுறை அளந்து, கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதுவித்து, அடுத்த முறை மகரகமவுக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.