பழைய வால்வு ரேடியோ கெபாசிட்டர்கள்: எந்தச் சோதனைக் கருவி உண்மை பேசுகிறது?

பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில், கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்; பழைய பெயர் கண்டென்சர்) சோதிக்க ஏதாவது கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது சின்னத் திரையுள்ள டிஜிட்டல் பெட்டிதான். கால்களைச் செருகி பொத்தானை அழுத்தினால் எவ்வளவு தேக்கும் என்ற மைக்ரோ ஃபாரட் கணக்கு பளிச்சென்று வந்துவிடும். டிரான்சிஸ்டர் வேலைக்கு நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 1950, 60-களின் வால்வு (கண்ணாடிக் குழாய்) ரேடியோவைத் திறந்து வைத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லாத கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. சில ஆண்டுகளாக அந்தப் பெட்டியையும் இன்னும் இரண்டு மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

டிஜிட்டல் பெட்டியும் மல்டிமீட்டரும் சில வோல்ட்டுகளில் அளந்து முடித்துவிடுகின்றன. ரேடியோவுக்குள் அதே கெபாசிட்டர் 100 முதல் 250 வோல்ட் வரை தாங்கி நிற்கிறது. மெழுகு பூசிய பேப்பர் கெபாசிட்டரில் வருவது பெரும்பாலும் மின்கசிவு நோய், அதாவது தடுத்து நிறுத்த வேண்டிய நேர்மின்சாரம் (டிசி) உள்ளே மெல்ல ஊர்ந்து போவது. குறைந்த அழுத்தத்தில் அது சரியாகப் பிடிபடாது. கசியும் கெபாசிட்டர் இந்த மீட்டர்களில் அச்சிட்ட அளவைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. 0.01 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருக்க, மீட்டர் 0.014 என்று சொன்னால் மகிழ்ச்சி அடையாதீர்கள்.

இதில் கவனம் முழுவதும் ஒரே ஒரு கெபாசிட்டர் மேல்தான் இருக்க வேண்டும்: முந்தைய டிரையோடு வால்வின் தகட்டிலிருந்து (உயர் அழுத்த முனை), ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) ஒலியைக் கடத்துவது. இஎல்84 என்ற அவுட்புட் வால்வின் கிரிட், கேத்தோடு என்ற முனையைவிடச் சுமார் 7 வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். கிரிட் ரெசிஸ்டர் 1 மெகா ஓம் என்றால், வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் கசிவே அங்கே 5 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், குரல் கரகரக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் பி.வி.கே. ஐயங்கார் சாலைச் சந்தையில் அலைந்தவர்களுக்கு இதன் விலை தெரியும். அதே அளவு கசிவுள்ள கெபாசிட்டரை கேத்தோடு ரெசிஸ்டருக்குக் குறுக்கே போட்டால் ரேடியோ கண்டுகொள்ளாது. எனவே நல்லது, கெட்டது என்ற தீர்ப்பை இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நான் நம்பிக்கையோடு பயன்படுத்துவது கையால் செய்த ஒரு சாதாரணப் பெட்டி. 230 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, அதையே திருப்பிப் போட்டு மறுபடி ஏற்றும் இன்னொன்று, ஒரு 1என்4007 டையோடு, 450 வோல்ட் தாங்கும் ஃபில்டர். ஏறக்குறைய 300 வோல்ட் டிசி கிடைக்கும். வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பும் இருக்காது. ரேடியோவிலிருந்து ஒரு கால் கழற்றிய கெபாசிட்டரோடு டிஜிட்டல் மல்டிமீட்டரைத் தொடராக இந்த 300 வோல்ட்டில் இணைத்து, மீட்டரை டிசி வோல்ட் அளவையில் வைக்க வேண்டும். பெரும்பாலான மீட்டர்களின் உள்தடை 10 மெகா ஓம். எனவே மீட்டரில் 1 வோல்ட் தெரிந்தால் கசிவு 0.1 மைக்ரோ ஆம்பியர். 50 வோல்ட் என்றால் 5 மைக்ரோ ஆம்பியர். கணக்கு அவ்வளவுதான். 400 வோல்ட்டுக்குக் குறைவாக எழுதியிருப்பதை இதில் மாட்டக் கூடாது.

அல்சூரில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கண்டென்சரைச் சூடு பண்ணிப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். சரியான கேள்வி. சூடு ஏறினால் கசிவும் ஏறும். பெங்களூருவின் குளிர்ந்த காலையில் மேசைமேல் தேறிய கெபாசிட்டர், வால்வுகளுக்கு நடுவே அரை மணி நேரம் இருந்த பிறகு வேறு குணம் காட்டுகிறது. இப்போது முடி உலர்த்தும் கருவியால் இதமாகச் சூடேற்றிய பிறகே கடைசி அளவை எடுக்கிறேன்.

மெகர் (உயர் அழுத்தத்தில் காப்புத் தடையை அளக்கும் கருவி) பற்றி: 250 வோல்ட் நிலை இருந்தால் விரைவாகத் தரம் பிரிக்க உதவும், 500 வோல்ட் மட்டும் உள்ளது பல பழைய கெபாசிட்டர்களுக்கு அதிகம். மாயக்கண் வால்வு (ஒளியால் அளவு காட்டும் வால்வு) பொருத்திய ஹீத்கிட், ஐகோ நிறுவனங்களின் பழைய சோதனைக் கருவிகள் பார்க்க அழகு. ஆனால் அவற்றுக்குள்ளும் அதே வயதுடைய கெபாசிட்டர்கள்தான் இருக்கின்றன; முதலில் அவற்றைப் பழுது பார்க்க வேண்டும்.

அனுபவத்தில் சோதிப்பதையே நிறுத்திவிட்ட வகைகளும் உண்டு. மெழுகுப் பேப்பரும் பிலிப்ஸின் கறுப்புத் தார் பூச்சு வகையும் நேராகக் குப்பைக்கு. அதே பிலிப்ஸின் கடுகு மஞ்சள் நிறப் பாலியெஸ்டர் வகை இன்றும் கெட்டியாக நிற்கிறது, காரணமில்லாமல் கழற்றாதீர்கள். வீட்டு மின்சாரம் நுழையும் இரு கம்பிகளுக்குக் குறுக்கே உள்ளதற்கு விவாதமே இல்லை, எக்ஸ்2 என்ற பாதுகாப்புத் தரத்தில் புதியது போடுங்கள். ஃபில்டராக நிற்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை மட்டும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் கொடுத்து மெல்ல உயிர்ப்பித்துப் பார்ப்பேன். ரெசிஸ்டர்மேல் 47 வோல்ட் நின்றால் கசிவு 1 மில்லி ஆம்பியர். அது மணிக்கு மணி இறங்கினால் வைத்துக்கொள்வேன், ஓரிடத்திலேயே நின்றால் தூக்கிவிடுவேன்.

பெட்டியை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க வைக்காமல், 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள்.